ஜிசி10பி டெகட்ரான் வால்வு: இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

1970களில் நான் வேலை பார்த்த பாலிடெக்னிக் லேபில், பல்ஸை (மின் துடிப்பை) பத்தால் வகுக்க, அதாவது பத்து வந்தால் ஒன்று வெளியே வர, 12ஏயூ7 என்ற வெற்றிடக் குழாய் வால்வில் கட்டிய மல்டிவைப்ரேட்டர்தான் இருந்தது. அது தானாக ஆடும் சர்க்யூட். பத்தாவது பல்ஸ் வந்து தட்டிவிடும்படி வேகத்தைத் திருகி வைக்க வேண்டும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் ஒன்பதிலோ பதினொன்றிலோ போய் உட்கார்ந்துவிடும். ஆசிலாஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் பல்ஸைப் பத்துப் பத்தாக எண்ணும் கண்ணாடிக் குழாயான இந்த டெகட்ரான் வால்வின் மேல் எனக்கு இவ்வளவு ஆசை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டனில் எரிக்சன் டெலிபோன்ஸ் செய்தது. பழைய இருப்பிலிருந்து இரண்டு வாங்கினேன். ஃபிலமென்ட் கிடையாது, உள்ளே நியான் வாயு. நடுவில் வட்டத் தகடு ஆனோடு (நேர்மின் முனை), சுற்றிலும் 30 கம்பிகள். பத்து கேத்தோடு (எதிர்மின் முனை), ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒளிப்புள்ளியை நகர்த்தும் இரண்டு வழிகாட்டிகள்.

முதலில் இரண்டு வகை வழிகாட்டிகளுக்கும் ஆளுக்கொரு பொத்தான் வைத்துக் கையாலேயே தள்ளிப் பார்த்தேன். விளக்கை அணைத்தால் ஒரு கம்பி நுனியில் கடுகளவு ஆரஞ்சுப் புள்ளி. முதல் பொத்தானை அழுத்தியதும் புள்ளி பக்கத்துக் கம்பிக்குத் தாவியது. அதை விடாமல் இரண்டாவதையும் அழுத்தி, அப்புறம் முதலாவதை விட்டேன். இன்னும் ஒரு கம்பி நகர்ந்தது. இரண்டாவதையும் விட்டதும் அடுத்த கேத்தோடில் வந்து நின்றது. வரிசையை மாற்றி அழுத்தினால் பின்னோக்கிப் போகிறது! பத்தாவது கேத்தோடு மட்டும் தனிப் பின்னில் வெளியே வருகிறது. சுற்றுக்கு ஒரு பல்ஸ். அதுதான் பத்தால் வகுத்த விடை. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் எண்ணிக்கை மாறாது.

கரென்டின் 50 ஹெர்ட்ஸைக் கொடுத்தேன். முதல் வால்வு வினாடிக்கு ஐந்து சுற்று, இரண்டாவது இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று. இடையில் பல்ஸைப் பெருக்க ஒரு ஈசிசி83 வால்வு வேண்டும். வெளிவரும் பல்ஸ் அடுத்ததைத் தள்ளும் அளவுக்குப் பலமில்லை.

குறையும் உண்டு. வேகம் 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான். ஆனோடுக்கு 820 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 475 வோல்ட் தேவை. ஸ்விட்சை அணைத்தபின் கெப்பாசிட்டர் இறங்கும்வரை கை வைக்காதீர்கள். எனக்கு வந்த இரண்டில் ஒன்று ஏழாவது கேத்தோடில் ஒட்டிக்கொண்டது. பல வருஷம் சும்மா கிடந்த டெகட்ரானுக்கு வரும் கோளாறு இது. மூன்று நாள் விடாமல் சுழலவிட்டேன், சரியாகிவிட்டது. 1951இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் ஓடத் தொடங்கிய ஹார்வெல் கணினியில் 828 டெகட்ரான்கள். அதையே 2012இல் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள கணினி அருங்காட்சியகத்தில் மறுபடி ஓடவைத்தார்கள். ஆக, ஒட்டுகிறதே என்று தூக்கிப் போட வேண்டாம்.

வாங்குகிறவர்கள் புள்ளி சுழலும் வீடியோவை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். நான் மூன்றாவது ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அது 20 வினாடிக்கு ஒரு சுற்று சுற்றும்.