வர்ணத்தின் தாளத்தைத் திருப்பிக் கொடுத்த ஹேண்ட்பிரேக்

போன வருடம் தை மாதம் அக்கா மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மூன்று கேமரா வைத்து எடுக்க வீடியோக்காரர் சொன்ன தொகை அக்காவுக்குக் கட்டுப்படியாகவில்லை. "நீதான் எடிட்டிங் எல்லாம் பண்றியேடி, நீயே எடுத்துக் குடுத்துடு" என்றாள். சரி என்று என் போனை ட்ரைபாடில் மாட்டி, மேடைக்கு நேர் எதிரே நின்று எடுத்தேன். நிகழ்ச்சியிலேயே நீளமான உருப்படியான வர்ணம் மட்டும் 32 நிமிடம். ஒரே கோப்பு, 3.8 ஜிபி.

வீட்டுக்கு வந்து எடிட்டரில் போட்டுப் பார்த்தபோது ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முதல் ஜதியில் கால் தரையில் விழும் நொடியும் டீச்சரின் நட்டுவாங்கத் தாளம் 'ணங்' என்று ஒலிக்கும் நொடியும் ஒன்றாக வந்தன. பத்து நிமிடம் தாண்டியதும் ஏதோ உறுத்தியது. கடைசி ஜதிக்கு வந்தபோது தெளிவாகவே தெரிந்தது. குழந்தை காலைத் தட்டி முடித்து அடுத்த அடவுக்குத் தூக்கிவிடுகிறாள், அப்புறம்தான் தாளமும் சலங்கையும் கேட்கின்றன. அரை நொடிக்கு மேல் இடைவெளி. கச்சேரி வீடியோவில் இவ்வளவு நழுவினால் பாடுபவரின் உதடு சற்று முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். பரதத்தில் அப்படி இல்லை. எட்டு வருடம் கற்றுக்கொண்ட பெண் தாளம் தப்பி ஆடுகிறாள் என்று அந்த வீடியோ சொன்னது. அது பச்சைப் பொய். டீச்சரிடம் அக்கா கேட்டபோது, "நான் பக்கத்துலயேதானே உட்கார்ந்திருந்தேன், ஒரு இடத்துல கூடப் பிசகல" என்றாராம்.

அந்தப் பொய்யைத் திருத்தத்தான் ஹேண்ட்பிரேக்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதுவரை, பெரிய வீடியோவைச் சின்னதாக்க உதவும் மென்பொருள் என்ற அளவில்தான் அதைத் தெரியும்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எரிக் பெட்டி என்பவர் 2003ல் பீஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கியது. பிறகு பலர் கைக்கு மாறி, இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. 1.0 என்ற எண்ணைத் தொடவே 2016 டிசம்பர் வரை ஆனது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. கணக்குத் திறக்கச் சொல்லாது, வீடியோவின் மூலையில் தன் பெயரை ஒட்டாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் மாற்றப் பணம் கேட்காது. இலவசம் என்று சொல்லிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் கை நீட்டும் மென்பொருள்களை எத்தனையோ பார்த்தவள் நான். இது அந்த ரகம் இல்லை.

இப்போது வர்ணத்துக்கு வருகிறேன். ஒரு துப்பு கையிலேயே இருந்தது. அதே கோப்பைப் போனில் ஓட்டினால் கால், தாளம் எல்லாம் சரியாக இருக்கிறது. எடிட்டரில் போட்டால் மட்டும் நழுவுகிறது. அப்படியென்றால் கோப்பு கெட்டுப்போகவில்லை, அதை எடிட்டர் படிக்கும் விதத்தில்தான் ஏதோ சிக்கல். மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தேன். ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருந்தது. அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்பது சீராக இல்லை, மாறிக்கொண்டே இருக்கிறது.

போன் கேமராக்கள் நொடிக்கு 30 ஃப்ரேம் என்று சொன்னாலும் அதைக் கறாராகப் பிடித்துக்கொண்டு எடுப்பதில்லை. மேடை விளக்கு மங்கினால் ஒளி போதாமல் ஒவ்வொரு ஃப்ரேமையும் சற்று நீட்டி எடுக்கும். இடையிடையே ஒன்றிரண்டு விட்டும் போகும். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் எந்த நேரத்தில் காட்டப்பட வேண்டும் என்ற குறிப்பைக் கோப்பில் எழுதி வைத்துவிடும். பிளேயர்கள் அந்தக் குறிப்பை மதித்து ஓட்டுகின்றன. எடிட்டர்கள் பலவும் அதைக் கண்டுகொள்ளாமல், எல்லா ஃப்ரேமும் சம இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்கின்றன. 32 நிமிடத்துக்கு நொடிக்கு 30 வீதம் 57,600 ஃப்ரேம் இருக்க வேண்டும். என் கோப்பில் 57,582 இருந்தன. பதினெட்டு ஃப்ரேம் குறைவு, அதாவது 0.6 நொடி. படம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, ஒலி தன் போக்கில் வருகிறது. அக்கா மகளின் கால் தாளத்தை முந்தியதற்குக் காரணம் இந்தப் பதினெட்டு ஃப்ரேம்தான்.

வைத்தியம் எளிது: எடிட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன்பே, சீரான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஹேண்ட்பிரேக் ஃப்ரேம் இல்லாத இடத்தில் முந்தைய ஃப்ரேமையே இன்னொரு முறை வைத்து நிரப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் என் முதல் முயற்சி வீண். திறந்ததுமே 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார் அமைப்பு வந்து நிற்கும். பெயரிலேயே 30 இருக்கிறதே என்று அப்படியே ஓடவிட்டேன். முடிந்த கோப்பை எடிட்டரில் போட்டால் அதே நழுவல். மீடியாஇன்ஃபோவும் அதே 'வேரியபிள்' என்றது. அந்தப் பெயரில் உள்ள 30 உச்சவரம்பு மட்டும்தான். அதற்கு மேல் போகாது, கீழே எப்படி வேண்டுமானாலும் இறங்கலாம். வீடியோ பக்கத்தில் ஃப்ரேம் ரேட் பெட்டியில் 30ஐத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே 'பீக்' என்று இருப்பதை 'கான்ஸ்டன்ட்' என்று மாற்ற வேண்டும். இந்த ஒரே ஒரு பொத்தானுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் எடுத்து எடிட் செய்கிற யாராக இருந்தாலும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கூடவே இரண்டு விஷயம் செய்தேன். ஒலியை 'ஏஏசி பாஸ்த்ரூ' என்று வைத்தேன். இப்படி வைத்தால் ஒலி மறுபடி சுருக்கப்படாமல் போனில் பதிவானபடியே வந்துவிடும். தாளத்தின் அந்தக் கூர்மையான ஒலி மழுங்கக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். அப்புறம் தரத்துக்கான ஆர்எஃப் எண். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 22 சாதாரணப் பார்வைக்குப் போதும். எடிட்டருக்குப் போய் இன்னொரு முறை சுருங்கப்போகும் கோப்பு என்பதால் 18 வைத்தேன். எட்டாம் தலைமுறை ஐ5 மடிக்கணினியில் 22 நிமிடம் எடுத்தது, கோப்பு 2.4 ஜிபி வந்தது. எடிட்டருக்குக் கொடுப்பதற்கென்றே 'புரொடக்‌ஷன்' என்ற தலைப்பில் தயார் அமைப்புகள் உள்ளன. வட்டில் இடம் தாராளமாக இருந்தால் அவற்றையும் பார்க்கலாம், கோப்பு மிகப் பெரிதாக வரும்.

மாற்றிய கோப்பை எடிட்டரில் போட்டு, நேராகக் கடைசி ஜதிக்குப் போனேன். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். குதிகால் தரையைத் தொடும் ஃப்ரேமும் ஒலி அலையில் தாளத்தின் கூம்பு எழும் இடமும் ஒன்றாக நின்றன. அந்த இரவே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

இரண்டாவது அனுபவம் என் கல்யாண வீடியோ. 1999ல் விஎச்எஸ் கேசட்டில் எடுத்தது. பத்துப் பதினோரு வருடம் கழித்து ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக்கினோம். கூடவே பென் டிரைவில் எம்பி4 ஆகவும் போட்டுக் கொடுத்தார்கள். டிவிடி பிளேயர் கெட்டுப்போனதிலிருந்து வீட்டில் எல்லோரும் பார்ப்பது அந்த எம்பி4தான். அதில் யாராவது அசைந்தாலே உருவத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரியும். தாரை வார்க்கும் இடத்தில் அம்மா செம்பிலிருந்து ஊற்ற, அப்பா கை வழியே தண்ணீர் விழும். அந்தத் தண்ணீரே துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அவர் கை அசைவது பதிவாகியிருப்பதே அந்த வீடியோவில் மட்டும்தான்.

பழைய வீடியோவில் ஒரு ஃப்ரேம் என்பது இரண்டு பாதிகள். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் மறுபாதி, இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு நொடி இடைவெளி. பழைய டப்பா டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்ததால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினித் திரை இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டுவதால் அந்த இடைவெளிக்குள் நகர்ந்தவை எல்லாம் பல் பல்லாகத் தெரிகின்றன. கடைக்காரர் இதைப் பிரிக்காமலே 576 கோட்டை 720க்கு இழுத்திருக்கிறார். பற்கள் படத்தோடு குழைந்துபோய்விட்டன, அதை மறுபடி ஒழுங்காகப் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஹேண்ட்பிரேக்கின் எல்லா ஃபில்டரையும் அந்த எம்பி4 மீது போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நல்லவேளையாக டிவிடி இருந்தது. பீரோவில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். உங்கள் வீட்டிலும் எம்பி4 வந்துவிட்டது என்று டிவிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகல் தடுப்புப் பூட்டு இல்லாத, இப்படிக் கடையிலோ வீட்டிலோ பதிந்த டிவிடியை ஹேண்ட்பிரேக் நேரடியாகவே படிக்கும். ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் (இரண்டு பாதிகளையும் பிரிப்பது) என்ற இடத்தில் 'பிடபிள்யூடிஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் 'பாப்' என்று வைத்தேன். ஃப்ரேம் ரேட்டை 50, கான்ஸ்டன்ட் என்று கொடுத்தேன். இப்படிச் செய்தால் இரண்டு பாதிகளும் தனித்தனி ஃப்ரேமாக விரிந்து, நொடிக்கு 25 என்பது 50 ஆகிறது. அசைவு அன்று டிவியில் பார்த்த அதே வழுவழுப்போடு வருகிறது. படத்தின் அடியில் பத்துக் கோடு அளவுக்குக் கேசட்டின் கிழிசல் நெளிந்துகொண்டே இருக்கும். தானாக வெட்டும் வசதிக்கு அது தெரியவில்லை, கையால் எண் கொடுத்து வெட்டினேன்.

இரைச்சலைக் குறைக்க 'என்எல்மீன்ஸ்' ஃபில்டர் உண்டு. நடுத்தர அளவில் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் போயின, ஆனால் புடவையின் ஜரிகையும் போனது, பெரியப்பா முகம் மெழுகு பூசியது போல ஆகிவிட்டது. 'லைட்' போதும். கொஞ்சம் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும், அது கேசட்டின் குணம். இரவு பத்தரைக்கு ஓடவிட்டேன், காலை ஐந்து மணிக்குப் பால் வாங்க எழுந்தபோது முடிந்திருந்தது. பல் தேய்க்கக்கூடப் போகாமல் தாரை வார்க்கும் இடத்தைப் போட்டேன். தண்ணீர் ஒரே கோடாக அப்பா கையிலிருந்து இறங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது எடிட்டர் கிடையாது. இரண்டு கோப்பை ஒட்டவோ நடுவில் ஒரு துண்டை வெட்டி எறியவோ முடியாது. இந்த நொடியிலிருந்து இந்த நொடி வரை என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எதைச் செய்தாலும் படத்தை மறுபடி சுருக்கியே தீரும். எம்கேவி வகைக் கோப்பை எம்பி4 ஆக்கினால் போதும் என்ற சின்ன வேலைக்கெல்லாம் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரே வரிக் கட்டளை சில நொடிகளில் தரம் குறையாமல் முடித்துவிடும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கடையில் வாங்கிய பூட்டுப் போட்ட டிவிடியை இது தொடாது. கிராஃபிக்ஸ் கார்டை வைத்து வேகமாக மாற்றும் வசதி உண்டு, ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகிறது. பத்திரப்படுத்தும் வீடியோக்களுக்கு நான் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் சுருக்கும் எக்ஸ்264ஐ விட்டு நகர்வதில்லை. பொத்தான்களின் பெயர்களும் புதிதாக வருபவருக்கு மிரட்சியாகத்தான் இருக்கும். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் அதைச் சொந்தப் பெயரில் சேமித்து வைக்கலாம் என்பது பெரிய ஆறுதல். 'போன் எடிட்', 'பழைய டிவிடி' என்று இரண்டு வைத்திருக்கிறேன், மற்றதைத் தொடுவதே இல்லை.

பதிவிறக்கும்போது கவனம் தேவை. ஹேண்ட்பிரேக்கின் சொந்தத் தளம் .எஃப்ஆர் என்று முடியும். தேடலில் அதே பெயரில் வரும் மற்ற தளங்களை நம்ப வேண்டாம். 2017 மே மாதம் அவர்களுடைய பதிவிறக்க சர்வர்களில் ஒன்றிலேயே யாரோ புகுந்து, மேக் கோப்புக்குப் பதிலாகத் தீநிரல் கலந்த கோப்பை நான்கைந்து நாள் வைத்திருந்தார்கள். குழுவினரே அதை வெளிப்படையாக அறிவித்தார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் சரிபார்ப்பு எண் தருகிறார்கள். இறக்கியதும் அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும், செய்துவிடுங்கள்.

வர்ணத்தை அக்கா பென் டிரைவில் டீச்சருக்குக் கொடுத்தாள். அந்தக் கடைசி ஜதியை இப்போது புது மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுகிறாராம். பெரியம்மா வீட்டிலிருந்து நேற்று மூன்று டிவிடி வந்திருக்கிறது, ஒன்றில் கீறல். கீறல் இல்லாத இரண்டையும் இன்று இரவு வரிசையில் போடப்போகிறேன்.