ஓல்டு சாரமா, வெஸ்ட்மின்ஸ்டரா: 1832க்கு முந்தைய இரண்டு பிரிட்டிஷ் தொகுதிகள்

1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் பற்றிப் படிப்பவர்கள் கண்ணில் ஒரு வாதம் அடிக்கடி படும். வாக்காளர் சிலரே இருந்து, ஒரு தனி ஆளின் பிடியில் கிடந்த 'அழுகிய தொகுதிகள்' அநியாயம்தான், ஆனால் மூத்த வில்லியம் பிட், எட்மண்ட் பர்க், சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் போன்ற பதினெட்டாம் நூற்றாண்டுத் தலைவர்கள் அவைக்குள் நுழைந்ததே அந்த வாசல் வழியாகத்தான் என்பார்கள். திறமைசாலிகளை உள்ளே கொண்டுவர அப்படியும் ஒரு வழி தேவைப்பட்டதாம். இதை நான் ஏற்பதில்லை. ஆனால் நேரெதிரான இரண்டு தொகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஒன்று ஆளே குடியிருக்காத ஓல்டு சாரம். இன்னொன்று பன்னிரண்டாயிரம் பேர் வாக்களித்த வெஸ்ட்மின்ஸ்டர். இரண்டும் தலா இரண்டு உறுப்பினர்களை ஒரே அவைக்கு அனுப்பின.

ஓல்டு சாரம் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரி நகரை ஒட்டிய ஒரு மண்மேடு. ஒரு காலத்தில் அங்கே கோட்டையும் பேராலயமும் ஊரும் இருந்தன. 1220இல் பேராலயத்தைக் கீழே சமவெளியில் புதிதாகக் கட்டத் தொடங்கியதும் மக்கள் அதன் பின்னாலேயே இறங்கிப் போனார்கள். ஊர் காலியானது, நாடாளுமன்ற இடங்கள் மட்டும் அப்படியே நின்றன. வாக்குரிமை ஆளுக்கு என்று இல்லாமல், குறிப்பிட்ட சில பழைய மனைகளுக்கு என்று இருந்ததுதான் காரணம். அந்த மனைகள் யார் கையில் இருந்தனவோ அவர்தான் தொகுதியின் சொந்தக்காரர். தேர்தல் வந்தால் தனக்கு வேண்டிய நாலைந்து பேர் பெயருக்குப் பத்திரத்தை மாற்றிக் கொடுப்பார். அவர்கள் வயலில் ஒரு எல்ம் மரத்தடியில் கூடி, அவர் சொன்ன இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்புவார்கள். 1831இல்கூட அங்கே வாக்காளர்கள் 11 பேர்தான். அவர்களில் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை.

இந்த மேட்டுக்கும் நம் சென்னைக்கும் நேரடியான தொடர்பு உண்டு. 1690களின் தொடக்கத்தில் இதை வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வியாபாரம் செய்து காசு பார்த்தவர். அப்புறம் அதே கம்பெனி அவரை மெட்ராஸ் கவர்னராக்கியது. 1698 முதல் 1709 வரை அவர்தான் புனித ஜார்ஜ் கோட்டையில். கோல்கொண்டா சுரங்கத்திலிருந்து வந்த பெரிய வைரம் ஒன்றை மெட்ராஸில் வாங்கி, அறுத்துப் பட்டை தீட்டி, 1717இல் பிரான்ஸின் பதில் ஆட்சியாளருக்கு விற்றார். இன்று அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியபின் ஓல்டு சாரத்தின் உறுப்பினராக அவரே பல ஆண்டுகள் உட்கார்ந்தார். அவருடைய பேரன்தான் மூத்த வில்லியம் பிட். 1735இல், 26 வயதில், குடும்பச் சொத்தான அதே இடத்திலிருந்து அவைக்கு வந்தார்.

வெஸ்ட்மின்ஸ்டர் இதற்கு முற்றிலும் வேறு. நாடாளுமன்றமும் அரண்மனையும் இருக்கும் பகுதி அது. உள்ளூர் வரி கட்டிய ஆண் குடித்தனக்காரர் எல்லோருக்கும் அங்கே வாக்கு. கனவான் ஒருவர், அவருக்குச் செருப்புத் தைப்பவர், எதிர்த் தெருக் கசாப்புக்கடைக்காரர் மூவரும் ஒரே மேடை ஏற வேண்டும். மேடை கோவன்ட் கார்டனில், புனித பால் தேவாலயத்தின் முன்னால். ரகசிய வாக்கு என்பது 1872இல்தான் வந்தது. அதனால் வாக்காளர் மேடையில் ஏறி, பெயரையும் தொழிலையும் சொல்லி, யாருக்கு வாக்கு என்பதையும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். எழுத்தர் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அந்தப் பட்டியல் பல தேர்தல்களில் அச்சாகியும் விற்றிருக்கிறது. அரண்மனைக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஒருவர் அரசரின் ஆளுக்கு எதிராக வாயைத் திறக்க எவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கும்! திறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

1784 தேர்தலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபாக்ஸ் அப்போது மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கு ஆகாதவர். அவரைத் தோற்கடிக்க அட்மிரல் ஹூட், சர் செசில் ரே என்ற இருவரை அரசுத் தரப்பு நிறுத்தியது. வாக்குப்பதிவு ஏப்ரல் 1இல் தொடங்கி மே 17 வரை இழுத்தது. டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானா தெருத்தெருவாகப் போய் ஃபாக்ஸுக்கு வாக்குக் கேட்டார். கசாப்புக்கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து வாக்கு வாங்கினார் என்று எதிர்த்தரப்பு கேலிச்சித்திரங்களாக அடித்துத் தள்ளியது. அடிதடியில் ஒரு காவலர் உயிரிழந்தார். கடைசியில் ஹூட் 6,694, ஃபாக்ஸ் 6,234, ரே 5,998. ஆளுக்கு இரண்டு வாக்கு, முதல் இருவர் தேர்வு என்பது விதி. ஃபாக்ஸ் ஜெயித்துவிட்டார். ஆனால் தேர்தல் அதிகாரி முடிவை அறிவிக்க மறுத்து, ஒவ்வொரு வாக்காகச் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினராக ஃபாக்ஸ் அமர்ந்தது 1785இல்தான்.

அதுவரை ஃபாக்ஸ் அவையில் பேசியது எப்படி? ஸ்காட்லாந்தின் வடகோடியில் டெய்ன் என்ற சிற்றூர்த் தொகுதியை நண்பர்கள் அவருக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அழுகிய தொகுதிகளுக்காக வாதாடுபவர்கள் இதைச் சுட்டிக்காட்டுவது நியாயம்தான். பெரிய தொகுதியில் அரசாங்கம் வஞ்சித்தபோது சின்னத் தொகுதிதான் கைகொடுத்தது. ஃபாக்ஸ் முதன்முதலில் அவைக்கு வந்ததும் மிட்ஹர்ஸ்ட் என்ற அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான். 1768இல் அவருக்கு வயது 19, சட்டப்படி உட்காரவே வயது போதாது.

செலவை வைத்துப் பார்த்தாலும் ஓல்டு சாரம் பக்கம்தான் தராசு சாயும். வெஸ்ட்மின்ஸ்டரில் நாற்பது நாள் சாராயம், வண்டி, கொடி, அடியாட்கள் என்று ஒரு குடும்பமே ஓட்டாண்டியாகலாம். ஓல்டு சாரத்தில் மரத்தடிச் சடங்கோடு வேலை முடிந்தது. இதை மறுக்க வழியில்லை.

ஆனால் சொந்தக்காரர் இருக்கும் தொகுதியில் உறுப்பினருக்குச் சுதந்திரம் உண்டு, கூட்டத்துக்குப் பயப்பட வேண்டாம் என்ற அடுத்த வாதம் நிற்காது. மூத்த பிட்டின் கதையே போதும். 1747 வாக்கில் அவர் அரசாங்கப் பதவிக்குப் போனார், அவருடைய அண்ணன் எதிரணியில் இருந்தார். தொகுதி அண்ணனுடையது. ஓல்டு சாரம் கைவிட்டுப் போக, பிட் சீஃபோர்டு என்ற இன்னொரு தொகுதிக்கு மாற வேண்டியதாயிற்று. அது நியூகாசில் கோமகனின் ஆதரவில் கிடைத்தது. பன்னிரண்டாயிரம் பேரிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை, சரி. ஒரே ஒருவரின் மனம் கோணாமல் நடக்க வேண்டும். அதற்குப் பெயர் சுதந்திரமா? அந்த வாசல் வழியாக வந்த பிட்டே 1766இல் இப்படிப்பட்ட தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்றும், ஒரு நூற்றாண்டுகூடத் தாங்காது என்றும் அவையில் சொன்னார். 66 ஆண்டுகள்தான் தாங்கியது.

அழுகிய தொகுதிகளுக்காக வாதாடுபவர்களின் பலமான சான்று பர்க். 1774இல் பிரிஸ்டல் என்ற பெரிய வணிக நகரம் அவரைத் தேர்ந்தெடுத்தது. உங்கள் விருப்பத்தைக் கேட்டு நடப்பேன், ஆனால் என் தீர்ப்பை உங்களிடம் அடகு வைக்கமாட்டேன் என்ற பொருள்பட வாக்காளர்களிடம் அப்போதே சொன்னார். சொன்னபடியே அயர்லாந்து வர்த்தகத்துக்கும் கத்தோலிக்கருக்கும் சாதகமாக நின்றார். பிரிஸ்டல் வணிகர்கள் கொதித்துப் போனார்கள். 1780இல் தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகி, ராக்கிங்ஹாம் பிரபுவின் பைக்குள் இருந்த மால்டன் தொகுதிக்குப் போனார். தமிழ்நாட்டுக்காரர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரு பேச்சை, ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி 1785 பிப்ரவரியில் பேசியதை, அவர் பேசியது மால்டன் உறுப்பினராகத்தான். பெரிய தொகுதி அவரை வெளியே தள்ளியது, சின்னத் தொகுதி பேச வைத்தது. இதைவிட நல்ல சான்று அந்தத் தரப்புக்குக் கிடைக்காது.

ஆனால் பர்க் அன்று யாரைப் பற்றிப் பேசினார் என்று பாருங்கள். பால் பென்ஃபீல்டு. கம்பெனி ஊழியராக மெட்ராஸ் வந்து, கட்டட ஒப்பந்தங்களில் சம்பாதித்தவர். சேப்பாக்கம் அரண்மனையை வடிவமைத்தவர் அவர்தான் என்றும் சொல்வார்கள். நவாப் முகம்மது அலிக்குக் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்தார், அடமானமாகத் தஞ்சாவூரின் வருமானத்தை எழுதி வாங்கினார். 1776இல் கவர்னர் பிகட், நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரைத் துளஜா மன்னருக்கே திருப்பிக் கொடுத்தபோது, வயலில் நின்ற விளைச்சல்வரை தனக்குச் சேர வேண்டியது என்றார் பென்ஃபீல்டு. அந்தத் தகராறு முற்றி, கவுன்சில் பெரும்பான்மை கவர்னரையே கைது செய்தது. மறு ஆண்டு பிகட் காவலிலேயே இறந்தார்.

இந்தப் பென்ஃபீல்டு 1780இல் கிரிக்லேடு தொகுதி உறுப்பினர். அப்புறம் மாம்ஸ்பரி, ஷாஃப்ட்ஸ்பரி. எல்லாம் பணத்துக்கு மடங்கும் சின்னத் தொகுதிகள். தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் அவைக்குள் கொண்டுவந்ததாகவும், அந்த ஆதரவுக்காகத்தான் மூத்த பிட்டின் மகனான இளைய பிட்டின் அரசாங்கம் நவாபின் கடன்களை விசாரிக்காமலே ஒப்புக்கொண்டது என்றும் பர்க் குற்றம்சாட்டினார். கடனை அடைக்க ஒதுக்கியது ஆண்டுக்கு 12 லட்சம் வராகன். ஹைதர் அலியின் படையெடுப்பில் கருகிக் கிடந்த, நவாபின் ஆட்சியில் இருந்த கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) குடியானவர்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். மால்டன் ஒரு பர்க்கைக் காப்பாற்றியது உண்மை. அதே வகை வாசல் வழியாகத்தான் பென்ஃபீல்டும் உள்ளே வந்தார் என்பதும் உண்மை. விலைக்குக் கிடைக்கும் இடத்தை ஒரு நல்ல பிரபு ஓர் அறிஞருக்குக் கொடுக்கலாம். பணம் வைத்திருப்பவர் தனக்கே எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும். தஞ்சாவூர் உழவரின் இடத்தில் நின்று பார்த்தால் இந்த வாதத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இரண்டு தொகுதிகளையும் ஒரே ஆளில் ஒப்பிட வேண்டுமென்றால் ஜான் ஹார்ன் டூக் இருக்கிறார். சீர்திருத்தக்காரர். 1794இல் தேசத்துரோக வழக்கில் விடுதலையானவர். வெஸ்ட்மின்ஸ்டரில் 1790இலும் 1796இலும் நின்று ஆயிரக்கணக்கில் வாக்கு வாங்கியும் தோற்றார். 1801இல் பிட் குடும்பத்தின் கேமல்ஃபோர்டு பிரபு அவரை ஓல்டு சாரத்துக்கு நியமித்தார். ஒரே மூச்சில் உறுப்பினர்! இளமையில் பாதிரியாராக இருந்தவர் என்பதைப் பிடித்துக்கொண்டு, பாதிரியார்கள் அவையில் உட்காரக் கூடாது என்று அதே ஆண்டு ஒரு சட்டமே போட்டார்கள். நடப்பு நாடாளுமன்றம் முடியும்வரை மட்டும் இருக்க விட்டார்கள், 1802இல் வெளியேறினார். அவருக்காக ஊரில் யாரும் மூச்சு விடவில்லை. விட அங்கே யாரும் குடியிருக்கவில்லையே. 1814இல் பங்குச் சந்தை மோசடி வழக்கில் தண்டனை பெற்ற கடற்படைத் தளபதி காக்ரேனை அவை நீக்கியபோது என்ன நடந்தது? அவர் குற்றமற்றவர் என்று நம்பிய வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளர்கள் அடுத்த இடைத்தேர்தலில் அவரையே திருப்பி அனுப்பினார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டரின் செலவுக் கதையும் மாறாததாக இருக்கவில்லை. 1807இல் சேரிங் கிராஸ் தையல்காரர் பிரான்சிஸ் பிளேஸ் போன்ற கடைக்காரர்கள் ஒரு குழு அமைத்து, தாங்களே பட்டியல் எழுதி, வீடு வீடாகப் போய், சீர்திருத்தக்காரர் பிரான்சிஸ் பர்டெட்டைக் குறைந்த செலவில் ஜெயிக்க வைத்தார்கள். வேட்பாளர் சாராயம் வாங்கிக் கொடுக்கவில்லை. வாக்காளர்கள் தங்கள் தொகுதியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஓல்டு சாரம் இப்படித் தன்னைத் திருத்திக்கொள்ள வழியே இல்லை. அதற்கு நடந்ததெல்லாம் கைமாற்றம்தான். 1802இல் கேலிடன் பிரபு அதை வாங்கினார், அதுவும் கம்பெனிக் காசில் எழுந்த குடும்பம். கடைசியாக அங்கிருந்து வந்த இருவரில் ஒருவர் ஜோசையஸ் டூ பிரே அலெக்சாண்டர், கம்பெனியின் இயக்குநர். 1770களின் தொடக்கத்தில் மெட்ராஸ் கவர்னராக இருந்த உறவினர் ஜோசையஸ் டூ பிரேயின் பெயரையே வைத்துக்கொண்டவர்.

1832 சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சாரம் உள்பட 56 சிறு தொகுதிகளை அடியோடு நீக்கியது. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய நகரங்களுக்குச் சொந்த உறுப்பினர்கள் கிடைத்தார்கள். இதைக் கொண்டாடுபவர்கள் ஒன்றைச் சொல்ல விட்டுவிடுகிறார்கள். நகரங்களுக்கெல்லாம் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடு என்று புதிதாக ஒரே அளவுகோல் வைத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர், பிரெஸ்டன் போன்ற இடங்களில் பழைய பரந்த உரிமை வைத்திருந்தவர்கள் அதைத் தங்கள் ஆயுள்வரை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குக் கிடையாது. ஓல்டு சாரத்தின் கதவை அடைத்த கையோடு, ஏழைகள் நுழைந்துகொண்டிருந்த சில கதவுகளையும் குறுக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

அந்தக் கதவுகள் வழியாக என்ன வந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள். நெசவாளர்களும் கூலிக்காரர்களும் வாக்களித்த பிரெஸ்டன் 1830 டிசம்பரில் சீர்திருத்தக்காரர் ஹென்றி ஹன்ட்டைத் தேர்ந்தெடுத்தது. திருமணமாகாத, சொத்துள்ள பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று யார்க்ஷயர் பெண் ஒருவர் எழுதிய மனுவை 1832 ஆகஸ்டில் அவையில் வைத்தவர் அவர்தான். அதே ஆண்டு டிசம்பர் தேர்தலில் தோற்றார். வெஸ்ட்மின்ஸ்டர் 1865இல் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில்லை அனுப்பியது. தேர்தலுக்குத் தன் கைக்காசு ஒரு பென்னிகூடச் செலவழிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொன்ன ஆளை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது. 1867இல் சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்பதை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடும்படி அவர் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 73 வாக்கு, எதிராக 196. மறு ஆண்டு புத்தக வியாபாரி டபிள்யூ. எச். ஸ்மித்திடம் அவரும் தோற்றார், ஆனால் அந்த 73 பேரின் பெயர்கள் அவைக்குறிப்பில் ஏறிவிட்டன.