ஊழி வெள்ளம்: கும்பகோணமா, சீர்காழியா?

பிரளயக் கதையில் தனக்கே முதலிடம் என்று இரண்டு ஊர்களுமே உரிமை கொண்டாடுகின்றன. கும்பகோணத்துத் தலபுராணத்தில் மிஞ்சுவது ஒரு குடம். அமுதமும் படைப்பு வித்துகளும் இட்டு பிரம்மா மிதக்கவிட்டது. அது தரை தட்டியதும் சிவன் வேடனாக வந்து அம்பெய்து உடைக்கிறார். சிந்திய அமுதம் மகாமகக் குளமாகிறது; அமுதில் குழைந்த மணல் கும்பேசுவர லிங்கமாகிறது.

சீர்காழியில் சிவனே ஓடக்காரர். 64 கலைகளை ஆடையாக உடுத்தி, பிரணவத்தைத் தோணியாக்கி, உமையோடு வந்து தங்கினார். ஊருக்குத் தோணிபுரம் என்றும் பெயர். தோணியப்பரைக் காணப் படியேற வேண்டும். வெள்ளம் எட்டாத உயரம் போலும்!

விதையைக் காப்பதைவிடக் கலையைக் காக்கும் கற்பனை துணிச்சலானது. என் ஓட்டு சீர்காழிக்கே. கூட்டமோ கும்பகோணத்துக்கு: 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் கடைசியாக 2016-இல் நடந்தது.