லண்டனுக்கு மதுரை வழியா, சென்னை வழியா?

மகளின் பேறுகாலத்துக்காகக் கீழக்கரையிலிருந்து கிளம்பும் தாய்மார்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

விமான நிலையம்: மதுரைக்குக் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சென்னைக்கு ராமநாதபுரத்தில் இரவு ரயில் ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர்களை அந்த ஓர் இரவே படுத்திவிடும்.

விமானம்: மதுரையிலிருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் கொழும்பு போய், அங்கே விமானம் மாறி லண்டன் ஹீத்ரோ. சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகவே போகிறது.

கொழும்பு வழி என்றால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பெட்டி நேரே லண்டனில் கிடைக்கும். சக்கர நாற்காலியை முன்பே சொல்லிவையுங்கள். என் அம்மா அதில் அமர்ந்து, பிரசவ லேகிய டப்பாவை மடியில் அணைத்தபடி அலையாமல் மாறினார்.

கட்டணத்தைத் தேதி வாரியாக, ரயில், கார் செலவோடு கூட்டிப் பாருங்கள்.

முழங்கால் வலியா, மதுரை. தனியாக விமானம் மாறப் பயமா, சென்னை.