அரை பேண்டுக்குப் பத்து வயசு: கனடா சிஆர்எஸ் கால்குலேட்டரோடு சில வருட அனுபவம்

"டேய், 67 தாண்டிட்டேன்டா. தகுதி இருக்குன்னு வந்துருச்சு. எப்ப கூப்பிடுவாங்க?" நண்பன் அனுப்பிய இந்த மெசேஜுக்குப் பதில் தட்ட ஆரம்பித்தேன். நிற்காமல் நீண்டுகொண்டே போனதால், இதே கேள்வியோடு சுற்றும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த 67. கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் வழிகளில் ஒன்றான ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் 100-க்கு 67 எடுத்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி பூலுக்குள், அதாவது அழைப்புக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலுக்குள் போகலாம். அவ்வளவுதான். அது பிளாட்பார டிக்கெட். ரயிலில் யார் ஏறுவது என்பதை முடிவு செய்வது 1200-க்குப் போடப்படும் சிஆர்எஸ் ஸ்கோர், பூலில் இருப்பவர்களை வரிசைப்படுத்தும் மதிப்பெண். இரண்டும் வேறு வேறு கணக்கு. வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். 67 கணக்கில் 35 வயது வரைக்கும் முழு 12 பாயிண்ட் உண்டு. சிஆர்எஸ்ஸிலோ 30-வது பிறந்தநாளிலேயே வெட்டு ஆரம்பித்துவிடும். முதல் கணக்கில் பாஸான தெம்பில் இருப்பவர்கள் இரண்டாவதைத் திறந்து பார்க்கும்போது முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் இங்கே பேசப்போவது இரண்டாவதைக் கணக்கிட்டுச் சொல்லும் அரசுத் தளத்துக் கால்குலேட்டரைப் பற்றி. சில வருடமாக என் பிரவுசரில் புக்மார்க்காக இருக்கிறது. விதி மாறினால் திறப்பேன், டெஸ்ட் ரிசல்ட் வந்தால் திறப்பேன், பிறந்தநாளன்று நிச்சயம் திறப்பேன். முதுகலைப் பட்டம், மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டு அனுபவம், கல்யாணம் ஆகவில்லை, வயது 34. என் விவரம் இவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்துவிடும். இது போன் நம்பர் கேட்காது. இமெயில் கேட்காது. ஒரு கன்சல்டன்ட் நிறுவனத்தின் தளத்தில் இதே கணக்கைப் போடப் போனேன். எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு, கடைசியில் நம்பர் கொடுத்தால்தான் ஸ்கோரைக் காட்டுவேன் என்றது. கொடுத்தேன். அதற்கப்புறம் வந்த அழைப்புகளைச் சொல்லி மாளாது. அதைவிடக் கொடுமை, வேலை ஆஃபருக்கு 50 பாயிண்ட் என்று அது கூட்டிக் காட்டியது. அந்த பாயிண்டையே 2025 மார்ச் 25-ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். அரசுக் கால்குலேட்டரில் இந்த வியாபாரம் எதுவும் கிடையாது. கேட்பதற்குப் பதில் சொன்னால் கணக்கைப் போட்டு முன்னால் வைக்கும், அதுவும் வரி வரியாகப் பிரித்து. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு என்று.

அந்த வரிகளில்தான் எனக்கு முதல் அதிர்ச்சியும் முதல் சந்தோஷமும் ஒன்றாகக் கிடைத்தன.

என் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் ரைட்டிங் தவிர மற்ற மூன்றும் சிஎல்பி 9-க்குத் தேவையான அளவு இருக்கிறது (சிஎல்பி என்பது கனடாவின் மொழித்திறன் அளவுகோல்). ரைட்டிங் மட்டும் 6.5 பேண்ட். அதாவது சிஎல்பி 8. மொத்தம் 384 என்று வந்தது. சும்மா ஒரு ஆசைக்கு ரைட்டிங்கை 7.0 ஆக்கினேன். 442! அரை பேண்டுக்கு 58 பாயிண்ட். ஏதோ தவறாக அழுத்திவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். வரிகளைப் பார்த்தால் கணக்கு சரி. மொழி வரியில் கூடியது 8 பாயிண்ட்தான், 23 இருந்த இடத்தில் 31. மீதி 50 எங்கிருந்து வந்தது? கீழே திறன் இணைப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. படிப்பையும் மொழியையும் சேர்த்து ஒரு வரி, அனுபவத்தையும் மொழியையும் சேர்த்து இன்னொரு வரி. நான்கு திறனிலும் சிஎல்பி 9 வந்தால்தான் இந்த இரண்டு வரியும் முழுசாகத் திறக்கும். ஒன்றில் சறுக்கினாலும் இரண்டும் 25-இல் நின்றுவிடும். நான்கும் தேறினால் இரண்டும் 50.

இதை வைத்து ஒரு ஒப்பீடு போட்டுப் பார்த்தேன். எல்லாம் என்னைப் போலவே உள்ள 29 வயதுக்காரர், வயதுக்கு முழு 110 வாங்குகிறவர், ரைட்டிங்கில் 6.5 எடுத்தால் அவர் ஸ்கோர் 411. அதே படிப்பு, அதே அனுபவம் உள்ள 39 வயதுக்காரருக்கு வயதுக்குக் கிடைப்பது வெறும் 55. ஆனால் நான்கிலும் சிஎல்பி 9 இருந்தால் அவர் ஸ்கோர் 414. பத்து வருடம் மூத்தவர் மூன்று பாயிண்ட் முன்னால் நிற்கிறார்! வயதாகிறதே என்று புலம்புகிற நண்பர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு எண்ணைத்தான் அனுப்புகிறேன்.

லிசனிங்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7.0 எடுத்தால் சிஎல்பி 9. லிசனிங்கில் மட்டும் 8.0 வேண்டும். 7.5 எடுத்தால் சிஎல்பி 8. 7.0 எடுத்தால் நேராக சிஎல்பி 7-க்கு இறங்கிவிடும், 6.0 எடுத்தவரோடு ஒரே வரிசையில். "எல்லாத்துலயும் ஏழரை எடுத்துட்டேன்" என்று இனிப்போடு வந்த ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டிய நிலை வந்தது எனக்கு. மொத்த பேண்ட் என்று சான்றிதழில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை இந்தக் கணக்கு திரும்பிக்கூடப் பார்க்காது.

இப்போது என் எரிச்சல். இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறதே, அதன் விளிம்பில் நிற்கிற ஆளிடம் இந்தக் கால்குலேட்டர் ஒரு வார்த்தை சொல்லாது. 25, 25 என்று போட்டுவிட்டுக் கம்மென்று இருக்கும். "அரை பேண்ட் கூடினால் இது 50 ஆகும்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நானாக விளையாட்டுக்கு மாற்றிப் பார்க்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. பதில்களை நினைவிலும் வைத்துக்கொள்ளாது. மூடிவிட்டுத் திரும்ப வந்தால் திருமண நிலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் மாறாமல் என்னைக் கடுப்பேற்றுவது இந்த ஒன்றுதான்.

நியாயமாகப் பார்த்தால், ஆலோசனை சொல்வது அதன் வேலை இல்லை. பாயிண்ட் அட்டவணை முழுவதையும் வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து படித்தால் எல்லாம் அதில் இருக்கிறது. இது பொது வழிகாட்டுதலுக்கு மட்டுமே என்றும் எழுதியிருக்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டவணையை உட்கார்ந்து படிக்கிறவனுக்குக் கால்குலேட்டர் எதற்கு?

அனுபவ வரியைப் பார்த்தாலும் வயிறு எரியும். கனடாவுக்கு வெளியே செய்த வேலைக்குத் தனியாக ஒரு பாயிண்டும் கிடையாது. மொழியோடோ கனடிய அனுபவத்தோடோ சேர்ந்தால்தான் மதிப்பு. அதுவும் மூன்று வருடத்தோடு முடிந்துவிடும். மூன்று வருடம் வேலை பார்த்தவரும் பதினைந்து வருடம் பார்த்தவரும் ஒன்றுதான். பதினைந்து வருடக்காரருக்கு வயது வேறு கூடியிருக்கும், ஆக அவர் பின்னால்தான் நிற்பார்.

துணையோடு போகிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: துணைவர் உடன் வருகிறாரா? "இல்லை" என்று அழுத்தினால் தனி ஆளுக்கான அட்டவணைக்குக் கணக்கு மாறி, பெரும்பாலும் ஸ்கோர் ஏறும். வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் அழுத்திப் பார்க்கவும். அதைவிட உருப்படியான வழி, இருவரில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. சில ஜோடிகளுக்கு அதில் நல்ல வித்தியாசம் வருகிறது.

நண்பனின் "எப்ப கூப்பிடுவாங்க" என்ற கேள்விக்கு இந்தக் கால்குலேட்டரில் பதில் இல்லை. ஸ்கோர் நம் கையில், கோடு அவர்கள் கையில். 2021 பிப்ரவரியில் கனடிய அனுபவம் உள்ளவர்களுக்கான ஒரு டிராவில், அதாவது பூலிலிருந்து ஆட்களை அழைக்கும் சுற்றில், 75 பாயிண்டுக்குக் கூப்பிட்டார்கள். எழுத்துப் பிழை இல்லை, எழுபத்தைந்தேதான், ஒரே நாளில் 27,332 பேருக்கு அழைப்பு. அதே காலத்தில் வெளியிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கான கதவு மூடிக் கிடந்தது. 2022 ஜூலையில் எல்லோருக்குமான டிரா திரும்பியபோது கட்-ஆஃப் 557. 2024-இல் நடந்த பொது டிராக்களில் ஒன்றுகூட 520-க்குக் கீழே வரவில்லை. ஆனால் அதே வருடம் பிப்ரவரியில் ஃபிரெஞ்சு தெரிந்தவர்களை 336-க்கே கூப்பிட்டார்கள். குறிப்பிட்ட தொழிலோ மொழியோ உள்ளவர்களை மட்டும் அழைக்க 2023-இல் கொண்டுவந்த பிரிவுவாரி டிராக்களின் விளைவு இது.

இதையும் அந்த 29 வயதுக்காரரோடு சேர்த்துப் பாருங்கள். ரைட்டிங்கையும் தேற்றி, வயதுக்கு முழு மதிப்பெண் வாங்கி, முதுகலையும் முடித்து வந்தாலும் அவருக்கு 469. சிஎல்பி 10 எடுத்தால் 481. முனைவர் பட்டமும் சேர்ந்தால் 496. கனடாவில் படிக்காமல், வேலை பார்க்காமல், ஃபிரெஞ்சு இல்லாமல், மாகாண நாமினேஷன் (ஒரு மாகாணத்தின் பரிந்துரை) இல்லாமல் போகிற ஆள் 520-ஐத் தொடுவது எப்படி? கால்குலேட்டர் இதற்கும் வாய் திறக்காது. 481 என்று காட்டும், நாமும் 'அடடா' என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்பில் போடுவோம்.

இன்னொன்று, நாம் எதைச் சொன்னாலும் அது நம்பும். மூன்று வருட அனுபவம் என்றால் சரி என்னும். உண்மையான விண்ணப்பத்தில் அந்த மூன்று வருடத்துக்கும் கம்பெனி லெட்டர்ஹெட்டில் பதவி, வேலை நேரம், சம்பளம், செய்த வேலைகள் எல்லாம் எழுதி வாங்க வேண்டும். செய்த வேலைகள் நாம் தேர்ந்தெடுத்த தொழில் குறியீட்டோடு பொருந்தவும் வேண்டும். "இன்னார் எங்களிடம் இத்தனை காலம் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரி சர்வீஸ் சர்ட்டிபிகேட் போதாது. மொழித் தேர்வு இரண்டு வருடம், படிப்பு மதிப்பீடு ஐந்து வருடம், பூலில் ப்ரொஃபைல் 12 மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் காலாவதி உண்டு. அழைப்பு வந்தபின் 60 நாளில் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஸ்கோர் ஏறும் வரை பேப்பர்களைத் தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் மாட்டுவது இங்கேதான்.

ஆஸ்திரேலியா கணக்கும் பார்த்தாயா என்று சிலர் கேட்பதால் சுருக்கமாக: அங்கே குறைந்தபட்சம் 65, ஆனால் 65-க்கு அழைப்பு வருவது வேறு கதை. வயதுக் கணக்கு கொஞ்சம் பெருந்தன்மை, 25 முதல் 32 வரை 30 பாயிண்ட், 33 முதல் 39 வரை 25. தனி ஆளாக இருந்தால் அதற்கே 10 பாயிண்ட். நாட்டி (NAATI) என்ற மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வில் நம் தமிழும் இருக்கிறது, தேறினால் 5. தமிழ் தெரிந்ததற்கு பாயிண்ட் தருகிறார்கள் என்று கேட்டபோது மனசு குளிர்ந்தது, அதற்காகவே கொஞ்ச நாள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன்.

நண்பனுக்குச் சொல்வது: அந்த 67-ஐ மறந்துவிடு. டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து லிசனிங் 8.0 இருக்கிறதா, மற்ற மூன்றும் 7.0 இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வேறு எதையும் தொடாமல் அதை முதலில் சரி செய். இருந்தால், உன் வேலை எந்தப் பிரிவுவாரி டிராவிலாவது வருகிறதா, எந்த மாகாணமாவது உன் தொழிலைக் கேட்கிறதா என்று தேடு. மாகாண நாமினேஷன் கிடைத்தால் 600 பாயிண்ட், அதற்கப்புறம் இந்தக் கட்டுரையே உனக்குத் தேவையில்லை.

கால்குலேட்டருக்கு என் மதிப்பீடு: இத்தனை வருடத்தில் கணக்கில் ஒரு பிழைகூடக் கண்டதில்லை, விளம்பரம் இல்லை, ஏமாற்று இல்லை, காசு இல்லை. ஐந்துக்கு இரண்டு ஸ்டார். போன மாதம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன், ஆனால் நேற்று வந்த ரிசல்ட்டிலும் ரைட்டிங் 6.5. ஃபிரெஞ்சு வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். அதில் நான்கு திறனிலும் ஏழாம் நிலை வந்தால் 62 பாயிண்ட் கூடும் என்று, அதுவாகச் சொல்லிவிடுமா என்ன, அதே கால்குலேட்டரில் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.