புத்தாண்டு மேசைக்கு எந்த டின் மீன்: ஷ்ப்ரோத்தியா, சாய்ராவா, காட் ஈரலா?

ரஷ்யாவில் டிசம்பர் 31 இரவு விருந்துக்கு யாரும் கையை வீசிக்கொண்டு போவதில்லை. மாஸ்கோவில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில், எங்கள் அடுக்ககத்தின் கூட்டு விருந்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட பங்கு மீன் புத்தெர்ப்ரோத், அதாவது மேலே மூடும் ரொட்டி இல்லாத சாண்ட்விச். வெண்ணெய் ரொட்டி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வெண்ணெயே தடவாவிட்டாலும் அங்கே பெயர் மாறுவதில்லை. முதல் ஆண்டு சாய்ரா டின்னையும், அடுத்த ஆண்டு காட் மீனின் ஈரல் டின்னையும், மூன்றாம் ஆண்டு எண்ணெயில் ஊறிய ஷ்ப்ரோத்தி டின்னையும் உடைத்தேன். அதன்பின் வேறெதையும் நாடவில்லை.

சுவையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சாய்ரா பசிபிக் பெருங்கடலின் ஒல்லியான மீன், சாதுவான ருசி. காட் ஈரல் வெண்ணெய்போல் நாவில் கரையும். ஷ்ப்ரோத்தி என்பது பால்டிக் கடலின் விரல்நீள மீனைப் புகையிட்டு எண்ணெயில் அடைத்தது. தலை நீக்கப்பட்டுப் பொன்னிறத்தில் வரிசையாகப் படுத்திருக்கும், முள்ளோடு அப்படியே உண்ணலாம். சோவியத் காலத்தில் எளிதில் கிடைக்காமல் பண்டிகைக்கென்று எடுத்துவைக்கப்பட்ட பொருள் என்பதால், வயதானவர்கள் அந்த டின்னைக் கண்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது ருசியன்று, ஈரம். அந்த இரவின் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். பழைய ஆண்டை வழியனுப்புவதற்காகப் பத்து மணிக்கே மேசை நிறைந்துவிடும். கிரெம்ளின் கோபுரக் கடிகாரம் பன்னிரண்டு அடித்த பிறகும் இரண்டு மணிவரை தட்டுகள் அங்கேயே இருக்கும். ஆகவே செய்த உடனே எப்படி இருக்கிறது என்பதைவிட, நான்கு மணி நேரம் கழித்துக் கையில் எடுக்கும்போது ரொட்டி விறைப்பாக நிற்கிறதா என்பதே கேள்வி. என் சாய்ரா நிற்கவில்லை. சாற்றை வடித்து, மசித்து, மயோனைஸ் கலந்து தடவியிருந்தேன். நள்ளிரவில் ஒருவர் எடுத்தபோது துண்டு நடுவில் வளைந்து, மீன் முழுவதும் மேசைவிரிப்பில் விழுந்தது.

காரணத்தைப் பிறகுதான் யோசித்தேன். சாய்ராவைப் பச்சையாகவே டின்னில் அடைத்து மூடி, அதன்பின் வேகவைக்கிறார்கள். மீன் விடும் நீர் வெளியேற வழியின்றி டின்னுக்குள்ளேயே தங்குகிறது. எவ்வளவு வடித்தாலும் சதைக்குள் இருக்கும் ஈரம் ரொட்டிக்குத்தான் வந்து சேரும். ஷ்ப்ரோத்தியோ டின்னுக்குள் போகுமுன்பே புகைச் சூட்டில் நீரை இழந்துவிடுகிறது. அதில் மிஞ்சுவது எண்ணெய். எண்ணெய் ரொட்டியைக் கனக்கச் செய்யுமே தவிர, நீரைப்போல் கூழாக்காது.

அதற்காக அலட்சியமாகச் செய்துவிட முடியாது. பாத்தோன் எனப்படும் நீள வெள்ளை ரொட்டியை விரல் தடிமனுக்கு அரிந்து, இருபுறமும் பொன்னிறமாகும்வரை ஓவன் அடுப்பில் உலர்த்தி, சூட்டோடு ஒரு பூண்டுப் பல்லை அதன்மேல் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான ரொட்டி துருவிபோல் வேலை செய்து பூண்டைக் கரைத்துக்கொள்ளும். மேலே மெல்லிதாக மயோனைஸ். இதில் 67 விழுக்காடு கொழுப்புள்ள 'ப்ரவன்சால்' வகையே நல்லது. கொழுப்புக் குறைந்த வகைகளில் நீர் கூடுதலாக இருப்பதால், முன்கதவில் துரத்திய ஈரம் பின்கதவால் வந்துவிடும். உப்பில் ஊறிய வெள்ளரியையும் ஷ்ப்ரோத்தியோடு வைப்பது வழக்கம். அதை அரிந்து காகிதத் துவாலையில் கால் மணி நேரம் பரப்பிவைத்த பிறகே ரொட்டியில் ஏற்றுவேன். மீனை முள்கரண்டியால் குத்தாமல் அடியில் கொடுத்துத் தூக்கினால் உடையாது. துண்டுக்கு இரண்டு மீன், தலைமாடு கால்மாடாக, மேலே கொஞ்சம் சதகுப்பைத் தழை. 160 கிராம் டின் ஒன்று எனக்குச் சுமார் பத்துத் துண்டுகளுக்கு வந்தது.

காட் ஈரலை ஒரே ஒரு முறைதான் செய்தேன் என்பதால் அதைப்பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். வேகவைத்த முட்டையோடு மசித்துக் கறுப்பு ரொட்டியில் தடவினேன். முட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டதால் நன்றாகவே நின்றது. அந்தப் பொரோதீன்ஸ்கி ரொட்டியின் மேல் நம் சமையலறையில் இருக்கும் அதே கொத்தமல்லி விதையைத் தூவியிருப்பார்கள் என்பதால், முதல் கடியிலேயே வீட்டு நினைவு வந்தது. ஆனால் வைட்டமின் ஏ மிகுந்த பொருள். கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் பொதுவான தட்டில் அதை வைக்க எனக்குத் தயக்கம்.

ஷ்ப்ரோத்தியும் குறையற்றது அன்று. புகையில் உருவாகும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சோபைரீன் என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் புகையிட்ட மீன்களுக்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என வரம்பு வைத்தபோது, இந்தச் சிறுமீனுக்கு மட்டும் 5 வரை இடம் கொடுத்தது. எனவே பண்டிகைக்குச் சரி, அன்றாடத்துக்கு வேண்டாம். 2015 ஜூனில் லாத்வியா, எஸ்தோனியா டின்களை ரஷ்யா தடைசெய்தபின் எங்கள் கடையில் ரஷ்யாவின் பால்டிக் கரையிலுள்ள காலினின்கிராட் சரக்கே நின்றது. அதில் சில டின்களில் மீன் நொறுங்கியிருந்தது. அப்படிப்பட்டதை மசித்து முட்டையோடு கலந்துவிடுவேன். டின்னில் மிஞ்சும் எண்ணெயைக் கொட்டுவதில்லை. மறுநாள் வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் சூடாக ஊற்றினால் புகை மணம் அடுக்களை முழுவதும் நிற்கும்.