கம்மாலைக் கோடாலியும் வாய்ச்சியும்: பத்து ஆண்டுப் பாவனைக்குப் பிறகு

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் கூரை வேலைக்கு மரம் செதுக்குகிறேன். 2012 இல், போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டம் தொடங்கி, குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் என்று பகுதி பகுதியாகக் காசு வந்த காலத்தில், வன்னி எங்கும் கூரையைத் தாங்கும் தீராந்திக்கும் (உத்தரம்) சரிவில் போடும் கைமரத்துக்கும் பெரும் தட்டுப்பாடு. மர ஆலையில் முறை வரும்வரை காத்திருந்தால் மாரி வந்துவிடும். அப்படித்தான் கோடாலியால் மரத்தைச் சதுரமாக்கும் பழைய வேலைக்குள் இறங்கினேன். இப்போது ஆலைகளில் அவ்வளவு நெரிசல் இல்லை. ஆனாலும் வேலை வந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் இந்த மண்ணில் நிற்கும் மரங்கள்தாம். அதைக் கீழே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பவை கடையில் வாங்கிய ஒரு கோடாலி, கம்மாலையில், அதாவது கொல்லர் பட்டறையில், அடிப்பித்த ஒரு கோடாலி, மரத்தின் முகத்தை நிரவும் ஒரு வாய்ச்சி. கடைக் கோடாலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரம் தறிக்கவும் கொத்து வெட்டவும் நல்லது. வாயின் இரு பக்கமும் சரிவாக இருப்பதால் நூலை ஒட்டிச் செதுக்கும்போது ஒன்றில் வழுக்கி வெளியே போகும், இல்லாவிட்டால் மரத்துக்குள் தோண்டிக்கொண்டு இறங்கும். பிடியில் பூசியிருந்த வார்னிஷ் உள்ளங்கையைக் கொப்பளிக்க வைத்தது. உடைந்த கண்ணாடித் துண்டால் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் நாள் முழுவதும் பிடிக்க முடிந்தது. பதம், அதாவது இரும்பைச் சூடேற்றித் தோய்த்து இறுக்குவது, வாயின் நுனியில் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகள் தீட்டியதும் பதம் போட்ட பகுதி தேய்ந்து மென்மையான இரும்பு வந்துவிட்டது. இப்போது அது விறகு கொத்துகிறது.

கம்மாலைக் கோடாலி லொறியின் வில்லுத்தகட்டில் அடித்தது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும், வாய் வழமையைவிட அகலமாகவும் வேண்டும் என்று கேட்டேன். கொல்லர் முதலில் சிரித்தார், பிறகு அடித்துத் தந்தார். முதல் பதம் கூடிவிட்டது. பாலை மரத்துக் கணுவில் பட்டதும் வாயின் ஓரம் ஒரு பிறை அளவு உடைந்தது. திரும்பக் கொண்டுபோனபோது காசு வாங்காமல் சூடேற்றிப் பதத்தைக் குறைத்துக் கொடுத்தார். அதன் பிறகு உடையவில்லை. மிஞ்சிப்போனால் வாய் கொஞ்சம் மடியும். மடிந்த வாயைத் தீட்டுக்கல்லில் எடுத்துவிடலாம், உடைந்த வாயை எடுக்க நிறைய இரும்பைத் தேய்க்க வேண்டும். கடைக்காரரிடம் இப்படிப் பதத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க முடியாது. கம்மாலைக்கு நான் அதிகம் புள்ளி கொடுப்பது இந்த ஒன்றுக்காகவே.

வேலை முறை எளிது, உடம்புக்குத்தான் எளிதில்லை. மரத்தை இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல் கிடத்தி, உருளாமல் ஆப்பு வைக்க வேண்டும். அடுப்புக்கரியைக் கரைத்த நீரில் நூலை நனைத்து, இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் ஆழம் வரைக்கும் ஓரடி நீளத்துக்கு ஒரு கொத்தாக வெட்டிக்கொண்டு போய், இடையில் நிற்கும் கட்டிகளைப் பக்கவாட்டில் அடித்துப் பெயர்க்க வேண்டும். அதன் பிறகுதான் தட்டைக் கோடாலி. தட்டைப் பக்கம் மரத்தோடு ஒட்டியபடி மேலிருந்து கீழே இறங்கும்போது உள்ளங்கை அகலத்தில் செதில்கள் விழும். கோடு பாதி தெரியவும் பாதி மறையவும் வெட்டுகிறவன் வேலைக்காரன். மரம் பச்சையாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். காய்ந்த பாலையில் கோடாலி பட்டால் மணிக்கட்டில் அடி கேட்கும்.

இனி மரங்கள். பாலையிலும் முதிரையிலும் வைரம் என்ற கடினமான பகுதி உள்ளே இருக்கிறது, வெளியே உள்ள மென்மையான வெளிறைச் செதுக்கி எறிய வேண்டும். பனை நேர்மாறு. வெளியே கறுப்பு நார் நெருங்கிய வைரம், உள்ளே சோற்றி என்ற மென்மையான பகுதி. அதனால் பனையை இரும்பு ஆப்பு இறக்கி நெடுக்காகப் பிளந்து, உள் பக்கத்துச் சோற்றியைத்தான் செதுக்கி எடுக்கிறோம். அடிமரம் இரும்பு, நுனிமரம் பஞ்சு. நுனியில் தீராந்தி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பனைநாரின் சிலாம்பு (கூரான சிறு துண்டு) கையில் ஏறினால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். பாலைக்கு என் யோசனை, முடிந்தால் ஆலைக்கே அனுப்புங்கள். தண்ணீரில் தாழும் அந்த மரத்தைக் கையால் நான்கு பக்கமும் சதுரித்தால் கிடைக்கும் கூலி, தோளுக்குப் பூசும் எண்ணெய்க்கே போய்விடும்.

ஆனால் ஆலை எல்லா மரத்தையும் எடுப்பதில்லை. இந்தப் பகுதி மரங்களுக்குள் போரில் வெடித்த செல் (எறிகணை) துண்டுகளும் துப்பாக்கிச் சன்னங்களும் கிடக்கின்றன. 2009 இல் சண்டை நடந்த புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கத்து மரம் என்றாலே பல ஆலைக்காரர் வாளில் ஏற்றத் தயங்குகிறார்கள். ஒரு துண்டு பட்டாலே வாள் போய்விடும் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பனையில் இது தெரிந்துவிடும். பனைக்குக் காயம் மூடாது, துளை துளையாகவே நிற்கும். பாலையும் வேம்பும் பட்டை வளர்ந்து மூடிவிடுவதால் வெளியில் ஒன்றும் தெரியாது. செதுக்கிக்கொண்டு போகும்போது வெட்டிய முகத்தில் நீலம் கலந்த கறுப்புக் கறை நாரோடு நீண்டு தெரிந்தால் நான் கோடாலியை வைத்துவிட்டு உளியை எடுப்பேன். இரும்பு உள்ளே துருப்பிடித்து மரத்தின் சாற்றோடு சேர்ந்த கறை அது. கறையின் தலைப்பைத் தோண்டினால் பெரும்பாலும் நகத்தளவு இரும்பு கிடைக்கும். கறையைக் காணாமல் வெட்டுப்பட்டாலும் கம்மாலைக் கோடாலியில் ஒரு சிறு பல்தான் விழும், மாலையில் தீட்டினால் சரி.

வளைந்த மரத்துக்கும் கோடாலிதான் நல்லது. வாள் நேராகப் போய் நாரைக் குறுக்கே அறுக்கும். கோடாலி நாரோடு போவதால் வளைவு வளைவாகவே இருந்து பலமும் மிஞ்சும்.

வாய்ச்சி முகத்தை நிரவுவதற்கு. மரத்தின் மேல் நின்று கால்களுக்கு இடையில் கொத்துகிற கருவி என்பதால் முழங்காலுக்குக் கீழே கவனம் வேண்டும். கூரைக்குள் மறையும் மரத்தை வாய்ச்சியால் மழமழப்பாக்கிக் காசு வாங்குவது, வீட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம்.

பிடி பற்றி இரண்டு வார்த்தை. நான் இப்போது விண்ணாங்கு மரத்தில் மட்டும்தான் பிடி போடுகிறேன். அடியைத் தாங்கும், பிளக்காது. கோடையில் பிடி தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அது ஒருநாள் வைத்தியம். காய்ந்ததும் முன்னையைவிடத் தளரும். தலையில் புதிய ஆப்பு இறக்குங்கள்.

மரம் உங்கள் வளவில் நின்றாலும் தறிப்பதற்கும் ஏற்றிக்கொண்டு போவதற்கும் அனுமதிப் பத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பத்திரம் கைக்கு வருவதற்குள் பச்சை மரம் காய்ந்தே போனது. பத்திரம் கையில் கிடைத்த பிறகே மரத்தில் கை வைப்பது என்று அன்று முதல் வைத்திருக்கிறேன்.

வாங்குகிறவருக்கு, பணம் ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால் கம்மாலையில் தட்டைக் கோடாலி அடிப்பியுங்கள். கொத்து வெட்டுவதற்கு எந்தப் பழைய கோடாலியும் போதும். இடக்கைக்காரர் என்றால் அதை முதலிலேயே கொல்லரிடம் சொல்லிவிடுங்கள். சரிவு எந்தப் பக்கம் என்பது அடிக்கும்போதே முடிவாகிவிடும், பிறகு மாற்ற வழியில்லை.